எட்டாம் எண் பலகையில் நிற்கும் குதிரை

அனுப்புநர்:
கோமளா அந்தோனிப்பிள்ளை (அரசுப் பணி ஓய்வு),
ஜாலான் கெனாங்கா அடுக்குமாடி, நான்காம் புளோக்,
ஜொகூர் பாரு.

பெறுநர்:
திருமதி ரூபினி காளியப்பன் அவர்கள்,
காட்சிப் பிரிவு அதிகாரி,
ஹார்ட்வெல் தோட்டப் பங்களா அருங்காட்சியகம்,
கோத்தா திங்கி சாலை, ஜொகூர்.

பொருள்: வளாகத்தில் உள்ள எட்டாம் எண் பலகையையும், அதன் அருகே வைத்திருக்கும் மரக்குதிரையையும் எதிர்வரும் ஜூலை 17-ஆம் தேதிக்குள் அகற்றக் கோருவது.

பார்வை: ஜூன் 23, 24, 26 ஆகிய நாள்களில் நான் செய்த தொலைபேசி அழைப்புகள். மூன்றுக்கும் கிடைத்த பதில்: "நோட் பண்ணிக்கிட்டோம் மேடம்."

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் அடுத்தவர்களின் மனுக்களை வாங்கி, முத்திரை குத்தி, கோப்பில் போட்டவள் நான். என் பெயரில் மனு எழுதுவது இதுவே முதல் தடவை. இது நான்காவது படி. முதல் மூன்றையும் கோபத்தில் எழுதிக் கிழித்துவிட்டேன். மலாய் நகல் ஒன்றும் இணைத்துள்ளேன். ஆனாலும் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது ஐந்தாம் பத்தியில் வரும். ஒரு வாரமாக எனக்கு உட்கார்ந்தால் எழவும் எழுந்தால் உட்காரவும் தோன்றுகிறது. ஆகவே எழுத்து கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

1. எங்கள் அடுக்குமாடியின் கீழ்த்தள மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்துகிறேன். நான் ஆசிரியை அல்ல. இருந்தாலும் பிள்ளைகள் 'டீச்சர்' என்றே அழைக்கிறார்கள், நானும் மறுப்பதில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை வேன் பிடித்து, நகரத்தைச் சுற்றியுள்ள பழைய வீடுகளுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் பிடிப்பது மாடிப்படிக் கைப்பிடியும் குளிரூட்டியும்தான். அதை நான் அறிவேன். இருந்தும் பத்து இடம் பார்த்தால் ஓர் இடமாவது மனதில் ஒட்டாதா என்ற நப்பாசை.

2. கடந்த ஜூன் 21-ஆம் தேதி பதினொரு பிள்ளைகளோடு தங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்தோம். வேனில் ஏறியதிலிருந்து ஒன்பது வயதுப் பிரவீனாவின் வாய் ஓயவில்லை. "டீச்சர், எங்க அப்பா பொறந்த வீடு அங்கதான் இருக்கு. பங்களாவுக்குப் பின்னாடி. நீளமா இருக்கும், பத்துக் கதவு. நான்தான் காட்டுவேன், நீங்க முன்னாடியே சொல்லிடக் கூடாது" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவளுடைய தந்தை திரு லெட்சுமணன், சிங்கப்பூருக்கு வேலையாட்களை ஏற்றிச் செல்லும் பேருந்தின் ஓட்டுநர். அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த வீட்டைக் காட்ட அவருக்கே இன்னும் விடுப்பு கிடைக்கவில்லை. மகள் முந்திக்கொண்டாள்.

3. பங்களாவின் உள்ளே நாற்பது நிமிடம் சென்றது. பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது. வழிகாட்டிப் பையன், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சாப்பாட்டு மேசையைப் பற்றிச் சொன்ன அளவுக்கு வேறு எதைப் பற்றியும் சொல்லவில்லை. தண்ணீர் இயந்திரத்தில் தண்ணீர் இல்லை. இவையெல்லாம் உண்மையான குறைகளே. எனினும் இவற்றை இங்கே எழுதிக்கொண்டிருப்பது, சொல்ல வேண்டியதைத் தள்ளிப்போடத்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

4. பின்கதவு திறந்ததும் பிரவீனா ஓடினாள். நீளக் கட்டடம் அவள் சொன்னபடியே இருந்தது, பத்துக் கதவும் இருந்தன. முதல் அறையில் வைக்கோல் பரப்பி, சேணம் பூட்டிய மரக்குதிரை ஒன்றை நிறுத்தியிருந்தீர்கள். வாசலில் எட்டாம் எண் பலகை. எதைக் கண்டாலும் உரக்கப் படிக்கும் பழக்கமுள்ள லோகேஸ்வரன் என்ற பத்து வயதுப் பிள்ளை, "குதிரை லாயம். இங்கே தோட்டத் துரையின் குதிரைகள் கட்டப்பட்டிருந்தன" என்று முழுவதையும் படித்தான். படித்துவிட்டு, "அலமாக்! பிரவீனா, உங்க அப்பா குதிரை வீட்டுலயா பொறந்தாரு?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் கனைத்தான். திரும்பும் வழியில் வேன் முழுக்கக் கனைப்பு. கெட்ட பிள்ளைகள் அல்லர், பத்து வயதுப் பிள்ளைகள். அதட்டினேன், அதட்ட அதட்டக் கூடியது.

பிரவீனா அழவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிறிஸ்தவள். ஆறுதல் சொல்வதாக நினைத்து, இயேசு பாலன்கூடத் தொழுவத்தில்தான் பிறந்தார் என்று எடுத்துச் சொன்னேன். அதற்கு அவள், "அது சாமி, டீச்சர். எங்க அப்பா பஸ் ஓட்டுறாரு" என்றாள்.

5. வீடு திரும்பியதும் எனக்குக் கோபம் பொங்கியது. எந்த மடையன் இந்தப் பலகையை எழுதினான் என்று நான்கு வார்த்தை காரமாக எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஆதாரத்துக்காக என் கோப்புகளைத் தேடினேன். 2023 ஏப்ரலில், பழைய தோட்டவாசி ஒருவர் கைப்பட எழுதிய கட்டடப் பட்டியல் ஒன்றைத் தங்கள் அலுவலகம் எனக்கு அனுப்பி, எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி கேட்டிருந்தது. தங்களுக்கு முன்பிருந்த அதிகாரி காலத்தில் நடந்தது அது. பட்டியலில் எழுதியவர் பெயர் இல்லை. எட்டாம் வரியில் அவர் 'லயம்' என்று தெளிவாக எழுதியிருந்தார். நான் சிவப்பு மையால் அதை 'லாயம்' என்று திருத்தி அனுப்பியிருந்தேன்; அதன் நகல்தான் என் கையில் இருந்தது.

ஜொகூர் பாரு அரசாங்கக் குவாட்டர்ஸில் வளர்ந்தவள் நான். என் தந்தையார் ரயில்வே அலுவலகத்தில் இருந்தார். எனக்குத் தெரிந்த லயம் சங்கீதத்தில் வருவது. பங்களாவுக்குப் பின்னால் சங்கீதத்துக்கு என்ன வேலை என்று எண்ணி, ஒரு துணைக்கால் போட்டேன். தோட்டத்தில் தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழ்ந்த வீடுகளுக்கு லயம் என்று பெயர் என்பதை, இந்த ஊர் ரப்பர் தோட்டங்களில் பால் மரம் சீவிய குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. அகராதியைக்கூடப் புரட்டவில்லை. எனக்குத் தெரியாத சொல் தமிழில் இருக்காது என்ற திமிர். நான் போட்ட துணைக்கால் ஒன்று. வந்து நின்றது நாலுகால் மிருகம். தங்கள் மொழிபெயர்ப்பாளர் லாயத்தைக் குதிரைக் கொட்டடி என்று மலாயில் எழுதினார். அதைப் பார்த்துத் தமிழ்ப் பலகையிலும் குதிரை ஏறியது. பிறகு மரக்குதிரையும் வைக்கோலும் வந்தன. அவர்கள் செய்தது அவர்கள் பங்கு. தொடங்கி வைத்தவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நான் விரும்பவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

6. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, அதே அடுக்குமாடியின் இரண்டாம் புளோக்கில் குடியிருக்கும் திரு லெட்சுமணன் வீட்டுக்குச் சென்றேன். தோட்டத்து ஆள் என்பதால் எழுதியவரை அவருக்குத் தெரிந்திருக்கும் என்பது என் எண்ணம். தாளைப் பார்த்ததும், "இது நான் எழுதினதுதான் டீச்சர்" என்றார். அந்தத் தோட்டத்தில் துரை ஜீப்பில்தான் போவார், குதிரை என்று ஒன்று இருந்ததே இல்லை என்றும் சொன்னார். சிவப்பு மை என்னுடையது என்று சொன்னேன். அவர் கோபித்திருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, "பரவால்ல டீச்சர், நான் மூணாம் பாரத்தோட படிப்ப நிறுத்தினவன், தப்பா எழுதியிருப்பேன்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் பேசினார். சரியாக எழுதியவர் அவர். அதை அவர் நம்புவதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஆனால் பிரவீனாவை நம்ப வைக்க எங்கள் இருவராலும் இயலவில்லை. "அரசாங்கம் போர்டுல பொய் எழுதுமா? அப்பாதான் ஏதோ கதை விட்டிருக்காரு" என்கிறாள். அவள் பள்ளியின் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஜூலை 17, வியாழக்கிழமை, தங்கள் அருங்காட்சியகத்துக்கு வருகிறார்கள். அன்றைக்குத் தனக்கு வயிற்றுவலி வரும் என்று பதினேழு நாளுக்கு முன்பே அறிவித்துவிட்டாள். அவளோடு சேர்ந்து, அவளைப் போல் தோட்டத்து வேர் கொண்ட எத்தனையோ பிள்ளைகள் அந்தப் பலகையைப் படிக்கப் போகிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று முறை தொலைபேசியில் அழைத்தபோதும் பிழை என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. 'பலகையில் ஒரு சிறு சந்தேகம்' என்று மட்டும் சொன்னேன். அதனால்தான் தங்கள் அலுவலகமும் அதைச் சிறு சந்தேகமாகவே எடுத்துக்கொண்டது போலும்.

7. ஆகவே நான் கேட்டுக்கொள்வன:

அ) மரக்குதிரையையும் வைக்கோலையும் உடனே அகற்ற வேண்டும். புதிய பலகை வரத் தாமதமானால், பழையதைத் துணி போட்டு மூடினாலும் போதும். துணி நானே வாங்கித் தருகிறேன், ஏணி மட்டும் தேவை.

ஆ) பழைய பலகையை ஓசைப்படாமல் மாற்றிவிட வேண்டாம். புதியதில், முன்பிருந்த பலகை தவறு என்றும், தோட்டவாசி சரியாக எழுதியதைப் பிழை திருத்தியவரே கெடுத்தார் என்றும் ஒரு வரி இருக்கட்டும். என் பெயரைப் போடலாம், எனக்கு மறுப்பில்லை. பிரவீனா பலகையைத்தான் நம்புகிறாள். அப்படியானால் அவள் அப்பா பொய் சொல்லவில்லை என்பதையும் பலகைதான் சொல்ல வேண்டும்.

இ) புதிய வாசகத்தைச் சரிபார்க்க என்னிடம் அனுப்ப வேண்டாம். திரு லெட்சுமணனிடம் அனுப்புங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வீட்டில் இருப்பார்.

ஈ) கடைசியாக ஒன்று. இதை எழுதத்தான் மூன்று படிகளைக் கிழித்தேன். எட்டாம் வரியில் நான் ஒரு சொல்லை மட்டும் திருத்தவில்லை. அதற்குப் பின்னால் இருந்த வாக்கியங்களைக் கோடு போட்டு அடித்து, ஓரத்தில் 'சொந்த விவரம், தேவையில்லை' என்று எழுதியிருக்கிறேன். அடித்த வாக்கியங்கள் இவை: "ஏழாவது கதவு எங்கள் வீடு. நான் இங்கே பிறந்தேன். என் பிள்ளை கேட்டால் காட்ட வேண்டும், இடிக்காமல் வையுங்கள்."

தாங்கள் இடிக்கவில்லை. அதற்கு நன்றி. அந்த மூன்று வாக்கியங்களையும் அவர் எழுதியபடியே, ஓர் எழுத்தும் மாற்றாமல், ஏழாவது கதவின்மேல் எழுதி வைக்கும்படி பணிவோடு வேண்டுகிறேன்.

இடம்: ஜொகூர் பாரு
நாள்: 30.6.2025

பிழைக்குப் பொறுப்பேற்று ஒப்பமிடுபவள்,
கோமளா அந்தோனிப்பிள்ளை