சீராகக் கொடுத்த வண்டி

25 மே 2025, ஞாயிறு

காலையில் பழைய காரைக் கருத்தக்கண்ணன் பட்டறையில் விட்டேன். அவனியாபுரத்தில் என் டைல்ஸ் கடைக்கு எதிர்ச்சாரியில்தான் பட்டறை. ஒன்பது வருடம் ஓட்டிய வண்டி. புதுசு போன மாதமே வந்தாயிற்று. பழையதற்கு ஷோரூம்காரன் சொன்ன விலையைக் கேட்டால் பிச்சைக்காரனுக்கே கோபம் வரும். அடுத்த ஞாயிறு தங்கச்சி மகள் பவதாரிணிக்குச் சடங்கு. தாய்மாமன் சீராக இதையே கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஊர் பத்து வருடம் பேசும்.

கருத்தக்கண்ணன் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து வந்தான். "அண்ணே, முன்பக்கம் புஷ் அம்புட்டும் போச்சு. கிளட்ச் ஆறு மாசம் தாங்கும். இஞ்சின்ல ஆயில் கசியுது. ஏசில கேஸ் நிக்காது."

"ஒரு வாரத்துக்குச் சத்தம் வரக்கூடாது. அது போதும்" என்றேன். சிரித்தான். கெட்டி ஆயில் ஊற்றினால் இஞ்சின் வாயை மூடிக்கொள்ளுமாம். ஊற்றச் சொன்னேன்.

பிரேக்கைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சித்திரையில் ஒருநாள் மண்டேலா நகர் பக்கம் பெடல் திடீரென்று கல் மாதிரி இறுகிக்கொண்டது. இரண்டு காலையும் வைத்து மிதித்துத்தான் நிறுத்தினேன். அதற்கப்புறம் அப்படி ஆகவில்லை. வராத நோய்க்கு எதற்கு வைத்தியம்?

1 ஜூன், ஞாயிறு

சடங்கு முடிந்து இப்போதுதான் வந்தோம். அலங்காநல்லூரைத் தாண்டி, தங்கச்சி தங்கப்பொண்ணு வாக்கப்பட்ட ஊர். மேளம், சீர்த்தட்டு, மாலை போட்ட கிடா, கடைசியாக வண்டி. வண்டி முகப்பில் ஆள் உயரத்துக்கு மாலை. 'தாய்மாமன் முத்திருளன் கார் சீர்' என்று மைக்கில் மூன்று தடவை சொல்லச் சொல்லியிருந்தேன். ஐந்து தடவை சொன்னான், நல்ல பையன்.

தங்கப்பொண்ணு அழுதுவிட்டாள். பிள்ளை பட்டுப்புடவையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தாள். பதிமூன்று வயது, இன்னும் விளையாட்டுத்தான்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் அண்ணன் கூட்டத்துக்குள் இருந்து சொன்னான்: "பழைய வண்டிக்கு எம்புட்டுப் பெரிய மாலை!" நாலு பேர் சிரித்தார்கள். எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. மைக்கை வாங்கினேன். "இந்த வண்டியில ஒரு குறை, ஒரே ஒரு குறை யாராச்சும் சொல்லட்டும். மறுநாளே புது வண்டி கொண்டாந்து நிறுத்துறேன். இல்லேன்னா மீசையை எடுத்துர்றேன்" என்றேன். கைதட்டு அடங்க நேரமாயிற்று.

மலையாண்டி, என் தங்கச்சி புருஷன், கும்பிட்டபடி வந்து, "மச்சான், இம்புட்டு எதுக்கு" என்றான். பத்து வருடம் குடித்தே அவளைச் சீரழித்தவன். இரண்டு வருடம் முன்னால் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு குடியை விட்டான். அன்றிலிருந்து உத்தமன். குடிகாரனாக இருந்தபோது அவனை அதட்ட வசதியாக இருந்தது. இப்போது அந்தக் கயிற்றைப் பார்த்தாலே எரிச்சல்.

ஆர்சி புத்தகத்தைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. சீர் கொடுத்தவனிடம் பேப்பர் கேட்டால் அவமரியாதை. நானாகவும் கொடுக்கவில்லை. வண்டி என் பெயரிலேயே இருக்கட்டும், ஒரு பிடி இருந்த மாதிரி இருக்கும்.

2 ஜூன்

மீசையை ஒதுக்கி விட்டுக்கொண்டேன். கடையில் வியாபாரம் சுமார்.

19 ஜூன், வியாழன்

கார் கம்பெனியிலிருந்து போனுக்குச் செய்தி. அந்த வருடம் செய்த வண்டிகளில் பிரேக் பூஸ்டரில் ஒரு பாகம் சரியில்லையாம். பெடல் திடீரென இறுகலாம், வண்டி நிற்காமல் போகலாம். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு வந்தால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்களாம். மூன்று தடவை படித்தேன். சித்திரையில் எனக்கு நடந்ததை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்து எழுதிய மாதிரி இருந்தது.

வண்டி என் பெயரில் இருக்கிறது, அதனால் செய்தி எனக்கு வந்தது. மலையாண்டிக்கு வராது.

அவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் அவன் அண்ணன் காதுக்குப் போகும். 'கம்பெனிக்காரனே குறைன்னு சொல்லிட்டான்யா' என்பான். நான் மைக்கில் பேசியது பதினெட்டு நாள்தான் ஆகிறது. மீசையா, புது வண்டியா?

நானே இரண்டு நாள் வாங்கிக்கொண்டு போய்ச் சத்தமில்லாமல் மாற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் கொடுத்த சீரைத் திருப்பி வாங்குவதா? என்ன சொல்லி வாங்குவது? யோசிக்க வேண்டும்.

21 ஜூன்

சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் பேசினாள். "சார், வண்டி இப்ப யார் ஓட்டுறாங்க?"

"வெளியூர்ல இருக்கும்மா."

"ஓட்டுறவங்க நம்பர் குடுத்தீங்கன்னா நாங்களே பேசிக்கிறோம் சார். முக்கியமானது."

சிக்னல் இல்லை என்று சொல்லிக் கட் பண்ணிவிட்டேன். என்ன பிள்ளை அது, நச்சரிக்கிறது.

6 ஜூலை, ஞாயிறு

மலையாண்டி போன் பண்ணினான். சுற்றி வளைத்து, கூச்சப்பட்டு, கடைசியில்: "குறைன்னு சொல்லலை மச்சான், தப்பா எடுத்துக்கக்கூடாது. பிரேக்கு சில நேரம் கட்டையா இருக்கு. எல்லா வண்டிக்கும் அப்படித்தானா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். அவனே வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற மாதிரிதான். நான் என்ன சொன்னேன்? "டிராக்டர் ஓட்டுன காலு மாப்ள. காருக்குப் பழக நாளாகும். நான் ஒம்பது வருசம் ஓட்டுனேன், எனக்கு ஒண்ணும் தெரியலையே?" என்றேன்.

"அதானே" என்றான். "எனக்குத்தான் ஓட்டத் தெரியலை போல." சிரித்துக்கொண்டே வைத்தான்.

7 ஜூலை

சொல்லிவிட வேண்டும். ஆடி பிறக்கட்டும்.

18 ஜூலை

கம்பெனியிலிருந்து பதிவுத் தபால். சத்யப்ரியா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறாள். "என்னங்க இது, பழைய வண்டிக்கு?" என்றாள். சர்வீஸ் விளம்பரம் என்றேன். ரிஜிஸ்டர் தபாலில் விளம்பரம் அனுப்புவார்களா என்று அவள் கேட்கவில்லை. பெண்டாட்டி நம்புவது சில சமயம் பெரிய தொந்தரவு.

4 ஆகஸ்ட், திங்கள்

நேற்று மத்தியானம். மாப்பிள்ளை வீட்டுச் சாமிக்குக் கிடா வெட்டு. பிள்ளைக்கு இன்றைக்குப் பரீட்சை என்று மலையாண்டி அவளை மட்டும் வண்டியில் கூட்டிக்கொண்டு முன்னால் கிளம்பியிருக்கிறான். தங்கப்பொண்ணு பாத்திரம் கழுவப் பின்தங்கிவிட்டாள். கால்வாய்ப் பாலத்தில் மாடு குறுக்கே. வண்டி நிற்கவில்லை. பாலத்துச் சுவர்.

பிள்ளை இருந்த பக்கம்தான் மோதியிருக்கிறது. என் செல்லம். இடது கால்— முழங்காலுக்குக் கீழே இல்லை. எடுத்துட்டாங்க. காலையில எடுத்துட்டாங்க.

நான்தான் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். மலையாண்டிக்கு விலா எலும்பு மூன்று முறிந்திருந்தது. மூச்சு வாங்க வாங்க அதையே சொன்னான்: "மிதிச்சேன் மச்சான், கல்லு மாதிரி இருந்துச்சு. மிதிச்சேன்." டிரிப் ஏற்ற நர்ஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கயிறு இடைஞ்சலாக இருக்கிறது என்று கத்தரித்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி கழித்துத் தங்கப்பொண்ணு வந்தாள். மகளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். "கயிறு எங்க?" என்றாள். அவன் மயக்கத்தில் இருந்தான். "கழட்டி வச்சுட்டுக் குடிச்சிருக்கான் பாருங்கண்ணே! என் பிள்ளையைக் கொன்னுட்டானே!"

சொல்லத்தான் வாய் எடுத்தேன். குடி என்று ஆகிவிட்டால் பிரேக்கைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள். அந்த இடத்தில், பிள்ளை உள்ளே கிடக்கும்போது, எனக்கு அந்த யோசனை வந்தது. வந்ததே.

6 ஆகஸ்ட்

கேஸ் என்று போனால் வண்டியை ஆய்வாளர் பார்ப்பார், பிரேக்கைச் சோதிப்பார். "நம்ம வண்டி, நம்ம பிள்ளை. யாரு மேல கேஸு?" என்று எல்லோரிடமும் சொன்னேன். அதுதான் முறை என்றார்கள். புகார் இல்லை என்று வண்டிக்குச் சொந்தக்காரன் என்ற முறையில் நானே எழுதிக் கொடுத்தேன்.

9 ஆகஸ்ட்

வண்டியைச் செல்லூரில் உடைக்கக் கொடுத்தாயிற்று. நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

28 ஆகஸ்ட், வியாழன்

பவதாரிணியை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். தங்கப்பொண்ணும் வந்துவிட்டாள். "அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன். நீங்க இல்லேன்னா நாங்க தெருவுலதாண்ணே" என்றாள். நர்ஸ்தான் கயிற்றை வெட்டினாள் என்று மலையாண்டி பத்துப் பேரிடம் சொல்லிவிட்டான். குடிகாரன் பேச்சு விடிஞ்சால் போச்சு என்று ஒருவரும் நம்பவில்லை.

பிள்ளை காலை மடக்கப் போய், இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு கணம் முழிக்கிறாள். "மாமா, அப்பா பிரேக் பிடிச்சாரான்னு எல்லாரும் கேக்குறாங்க. நான் போன் பாத்துட்டு இருந்தேன்" என்றாள். அவளுக்கு அதுதான் குற்றமாகப் படுகிறது போலிருக்கிறது. நீ என்னம்மா பண்ணுவ என்று தலையைத் தடவினேன். என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

8 செப்டம்பர்

மலையாண்டி ஆள் விட்டிருக்கிறான். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பு வாசலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணத் தயாராம். தங்கப்பொண்ணு நிபந்தனை போட்டாள். "குடிக்கலை, பிரேக்கை மிதிச்சேன், பிள்ளை கால் போனது என்னால இல்லை. இம்புட்டையும் ஒரே மூச்சுல சொல்லி அணைக்கட்டும். அணைச்சிட்டா நான் அவர் கூடப் போறேன்" என்றாள். அணைத்தால் நம்பிவிடுவாள். கருப்பு முன்னால் பொய் சொல்ல எங்கள் பக்கம் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. அவன் சொல்வதோ உண்மை. அணைத்துவிடுவான்.

அப்புறம், மிதித்தும் ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள்.

12 செப்டம்பர், வெள்ளி

ஆப்பிள் வாங்கிக்கொண்டு மலையாண்டியைப் பார்க்கப் போனேன். நார்க்கட்டிலில் ஒடுங்கிப்போய்க் கிடந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், வலியில் முடியவில்லை.

"மாப்ள, சத்தியம் பண்ணுங்க, வேணாங்கல. ஆனா அந்த நேரத்துல எந்தக் காலு எதை மிதிச்சுச்சுன்னு யாருக்கு நினைவு இருக்கும்? பதட்டத்துல ஆக்சிலேட்டரை மிதிச்சவன் எத்தனை பேரு? நல்லா யோசிங்க. ஒரு வார்த்தை பிசகிப் போச்சுன்னா கருப்பு உங்களைக் கேக்க மாட்டாரு, பிள்ளையைத்தான் கேப்பாரு. அவளுக்கு இன்னொரு கால் இருக்கு மாப்ள."

அவன் முகம் மாறுவதை நேராகப் பார்த்தேன். "கல்லு மாதிரி இருந்துச்சே மச்சான்..." என்றான். கேள்வி மாதிரி வந்தது.

இதைச் சொன்ன வாயால்தான் சாயங்காலம் பிள்ளைக்குக் கதை சொன்னேன். ச்சீ. என்ன மனுஷன்டா நீ?

21 செப்டம்பர், ஞாயிறு, அமாவாசை

என் காரில் தங்கப்பொண்ணை அழகர்கோயிலுக்குக் கூட்டிப் போனேன். மலையாண்டி பஸ்ஸில் வந்து, குளித்து, ஈரவேட்டியோடு நின்றான். அடைத்த கதவுக்கு முன்னால் வெற்றிலையில் சூடம் ஏற்றினார்கள். மனசுக்குள் கருப்பைக் கும்பிட்டேன். எதற்கென்று எனக்கே தெரியவில்லை.

"குடிக்கலை" என்றான். கணீரென்று சொன்னான். கை சூடத்துக்கு மேலே வந்துவிட்டது. "பிரேக்கை..." என்று ஆரம்பித்தான். நின்றுவிட்டது. உதடு ஆடுகிறது, வார்த்தை வரவில்லை.

"சொல்லுய்யா!" என்று தங்கப்பொண்ணு கத்தினாள். அவன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் கத்தினாள், எனக்குத் தெரியும். தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடிக்கலைங்கிறதுக்கு மட்டும் அணைக்கிறேன் தங்கம். மத்தது... எனக்குத் தெரியலை. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?" என்றான்.

"முழுசாச் சொல்லணும்."

கையை இழுத்துக்கொண்டான். சூடம் தானாக எரிந்து முடிந்தது. வெற்றிலை கருகியது. தங்கப்பொண்ணு போய் என் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டிக்கொண்டு கலைந்தார்கள். என்னைச் சத்தியம் பண்ணச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எதற்குக் கேட்கப் போகிறார்கள்?

நான் வண்டியை எடுக்கும்போது மலையாண்டி ஜன்னல் பக்கம் வந்தான். தங்கச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் என்னிடம்தான் பேசினான்.

"நான் மிதிக்கலை போல மச்சான். நீங்க ஆசையாக் குடுத்த சீரு. என் கையால பாழாப் போச்சு. மன்னிச்சிருங்க."

"அதை விடுங்க மாப்ள" என்றேன். "பெரியார் ஸ்டாண்டுக்கு இப்ப ஒரு பஸ் இருக்கும். ஏறிப் போயிருங்க."