உன் இறால் சட்டை உரித்தது

அன்புள்ள சேகர்,

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ உயிரோடு இருந்த கடைசி வருஷங்களில் முகம் கொடுத்துப் பேசாதவன், நீ போன பிறகு கடிதம் எழுதுகிறேன். சிரிக்காதே.

பெருமுக்கல் பக்கத்து ஓடையில் முழங்கால் சேற்றில் நின்று நாம் பிடித்த இறால் நினைவிருக்கிறதா? மெலிந்த கொடுக்கு, அதில் முள்ளே கிடையாது. மரக்காணம் உப்பளத்து ஓரம் உட்கார்ந்து லென்ஸில் பார்த்துக்கொண்டிருந்தோம். உப்பு வாரிக்கொண்டிருந்த ஆள் கேட்டார்: "இன்னா சார், எறாவுக்கு ஜாதகம் பாக்குறீங்களா?"

"இன்னும் பேரே வெக்கலப்பா" என்றாய் நீ.

வைத்தாய். என் பெயரை. ஆனால் புது இனம் என்று அறிவித்த கட்டுரையில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. சண்டைக்கு வந்தேன். "டேய் மச்சான், எழுதுறவன் தன் பேரையே வெச்சிக்கக் கூடாதுடா. நீயும் சேந்து எழுதினா உன் பேரை எப்பிடி வெக்கிறது?" என்றாய். நம் துறையின் வழக்கம் அதுதான். இருந்தும், என்னை ஓரங்கட்ட நல்ல சாக்கு பிடித்தாய் என்றே நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான்.

விலங்கியல் துறைத் தலைவர் நாற்காலி, உன்னுடையது, இப்போது எனக்கு. மேசையோரத் தொட்டியில் அந்த ஓடை இறால்களை வளர்த்தேன். நம்முடையது ஒன்று, ஊரெல்லாம் கிடைக்கிற சாதாரண இனத்துப் பெரிய ஆண் ஒன்று. பெரியது செத்தது. அப்புறம் நம்முடையது சட்டை உரித்தது. மறுபடியும் உரித்தது. கொடுக்கு தடித்தது, முள் முளைத்தது, செத்ததன் அச்சாகவே ஆகிவிட்டது. புது இனமில்லை, சேகர். பெரியவன் இருக்கும்வரை வளராமல் அடங்கிக் கிடந்த அதே இனத்து ஆண். மரபணுச் சோதனையும் அதையே சொல்லிவிட்டது.

எனக்கு முதலில் வந்தது வருத்தமில்லை. சந்தோஷம். நீ வைத்த பெயர் விழப்போகிறது என்ற சந்தோஷம். அது என் பெயரும்தான் என்பது பிறகுதான் உறைத்தது. உன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சந்தோஷப்பட்டேன். இதை யாரிடம் போய்ச் சொல்ல?

உன் வசந்தாவிடம் சொல்லிவிடலாமென்று பொம்மையார்பாளையம் வீட்டுக்குப் போனேன். சுவரில் உன் படம், பக்கத்தில் இறாலின் படம். இரண்டுக்கும் மாலை. "எறா கொழம்பு வெச்சாகூட கொடுக்கை வெளிச்சத்துல பாத்துட்டுதான் சாப்புடுவாரு. அவரு பேரு நிக்கிறது இதுலதாண்ணா" என்றாள். காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இனி மறைக்க மாட்டேன். மறைத்தால் இன்னொருவன் அந்த ஓடையில் இறங்கி நம் தப்பையே செய்வான். கட்டுரை எழுதப் போகிறேன். நீ வைத்த பெயர், இனப்பட்டியலில் சாதாரண இனத்தின் பெயருக்குக் கீழே, செல்லாத பெயராக, சேகர் இட்டது என்ற குறிப்போடு எப்போதும் இருக்கும். தவறு நேர்ந்ததைச் சொல்லும் இடத்தில் 'நாங்கள் இருவரும்' என்று எழுதுவேன். பெருமையில் நீ சேர்க்காதவன், தப்பில் தானாக வந்து சேர்ந்துகொள்கிறேன். இது சத்தியம்.

அதற்கு முன் வசந்தாவுக்குத் தெரிய வேண்டும். நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால் இதை உன் விலாசத்துக்கே அனுப்புகிறேன். அவள்தான் பிரிப்பாள், யார் எழுதியது என்றும் தெரிந்துகொள்வாள்.

கையெழுத்துப் போடாமல்தான் தபாலில் சேர்க்கப் போகிறேன். என் பெயரை அன்றைக்கு எழுதியவன் நீ. இங்கேயும் எழுத மனமிருந்தால் நீயே எழுதிக்கொள்.

உன் மச்சான்