குமிழைத் திருப்பிய கை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமா இருக்கணும். இங்க எல்லாரும் சுகம்னு எழுத இந்தத் தடவை கை வரலடி.

அப்பாவை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு, குணமாகி இல்ல, நுரையீரல் அவ்வளவுதான், இனி செய்ய ஒண்ணுமில்லைன்னு டாக்டரம்மா அனுப்பிட்டாங்க. முன் அறை ஜன்னல் பக்கம் கட்டில், தலைமாட்டுல ஆக்சிஜன் மெஷின் உர்ருனு ஓடிட்டே இருக்கு, விரல்ல மாட்டுற கருவி எண்பத்தஞ்சைத் தாண்ட மாட்டேங்குது. நாலு வாய் சாப்பிடறதுக்குள்ள மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது.

போன்ல சொன்னா அவர் காதுல விழும், அதான் எழுதுறேன். சின்ன வயசுல என் காலேஜ் லேபுக்கு வந்து வேடிக்கை பார்ப்பியே, இரும்பு உப்புக் கரைசல்ல தயோசயனேட் விட்டா ரத்தமா சிவக்கும், ஆனா முழுசா மாறி முடியாது, சேர்றதும் பிரியறதும் ஒண்ணாவே நடக்கும், ஏதாவது ஒண்ணை இன்னும் ரெண்டு சொட்டு விட்டா சேர்றது கூடி மேலும் சிவக்கும், ஒண்ணைக் குறைச்சா வெளுக்கும். முப்பது வருஷமா அதைப் பசங்களுக்கு எடுத்து வெச்ச கை இது. ரத்தமும் ஆக்சிஜனும் அப்படித்தானேன்னு ஒரு நினைப்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோமே, அன்னிக்கு மத்தியானம் வீட்டுல அவர் உதடு நீலம் பூத்ததும், ரெண்டு லிட்டர்ல நிக்க வேண்டிய குமிழை அஞ்சுக்குத் திருப்பிட்டேன். கருவி தொண்ணூத்தெட்டு காட்டிச்சு, உதடு சிவந்துச்சு, அசந்து தூங்கினார், நான் பாவி பெருமையா துணி மடிச்சுட்டு இருந்தேன். அது தூக்கமே இல்லடி, மயக்கம். ஆக்சிஜன் அப்படி ஏறினா ரத்தம் கரியமில வாயுவை உதறிடுமாம், மூச்சும் மந்தமாகிடுமாம், அதை வெளிய தள்ள அவர் நெஞ்சுல வலு ஏது? ஒரு பக்கம் கூட்டினா மறுபக்கமும் அசையும்னு எனக்கா தெரியாது?

யார் கூட்டினதுன்னு டாக்டரம்மா கேட்டப்ப, அரைக்கண் திறந்த மனுஷன் நான்தான்னுட்டார். நான் வாயே திறக்கல. நீயும் போன்ல, அறிவிருக்காப்பான்னு அவரைக் காய்ச்சி எடுத்தே. போனை வெச்சதும், விஞ்ஞானியம்மா, நான் என்ன சோதனைக்குழாயான்னு என்னைப் பார்த்துச் சிரிச்சார், இருமல் பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் நீ அவர்கிட்ட சரியாவே பேசல.

அவரைக் கேட்டா வராதேன்னுதான் சொல்வார், கேட்காம கிளம்பி வா. லீவு கிடைக்கிற வரைக்கும் தினமும் போன் பண்ணு. எப்படி இருக்கீங்கன்னு மட்டும் கேட்காதே, பதில் சொல்ல மூச்சு பத்தாது, நீயே பேசு. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும் கண்ணு. என்னை அப்புறம் திட்டிக்கலாம், அதுக்கு நான் இருப்பேன்.

உன் அம்மா