திரும்பிப் பார்த்த பிள்ளையாரும் மாமியும்

மே 3, 2024
கோயில் தலைவர் சிற்றம்பலத்தார் இன்று பாடசாலை வாசலிலேயே என்னைப் பிடித்துவிட்டார். ஆனியில் கும்பாபிஷேகம், மலருக்குத் தல வரலாறு நான்தான் எழுத வேண்டுமாம்.
"ரீச்சர், நீங்கள் தமிழ் படிப்பிக்கிறனீங்கள்தானே. நாலு பக்கம் எழுதுங்கோ. என்ரை அப்பாவின்ரை பேர் முதல் பக்கத்திலை வரட்டும்."
ஓம் என்றுவிட்டேன். ஏன் ஓம் என்றேன்?

மே 9
கையில் இருக்கும் வரலாறு இவ்வளவுதான். கண்டாவளையில் காடு வெட்டிக் குடியேறிய காலத்தில், சிற்றம்பலத்தாரின் தகப்பன் அப்புத்துரையர் முழங்கால் உயரக் கருங்கல் பிள்ளையார் ஒன்றைப் பருத்தித்துறையிலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார். வாய்க்கால் கரை மருதமரத்தின் கீழ், மண்மேட்டில், கிழக்கு முகமாக வைத்தார். பிறகு ஒரு வருடம் மழையே இல்லை. அவர் அழுது கும்பிட்டார். அன்றிரவே மழை. விடியப் பார்த்தால் பிள்ளையார் வடக்குப் பக்கம் அரைவாசி திரும்பி அப்புத்துரையரின் வயலைப் பார்க்கிறார்! அன்றிலிருந்து அவர் ‘திரும்பிப் பார்த்த பிள்ளையார்’.
இது ஒரு பக்கம்கூட வராது. என் கணவர் சுமன் சொல்கிறார்: "பிள்ளையார் திரும்பினதுக்கு ஒரு பக்கம், சிற்றம்பலத்தார் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னதுக்கு மூண்டு பக்கம் போடும்."

மே 10
அந்த மழை நாள் ஞாபகமா என்று மாமியிடம் கேட்டேன். சுமனின் தாய் ஜெகதீஸ்வரி, ஊரில் எந்தக் கதைக்கும் முதல் ஆள். "அடுப்பிலை பால் கிடக்கு" என்று குசினிக்குள் போய்விட்டார்.
அடுப்பில் ஒன்றும் இல்லை.

மே 22
கோயில் கூட்டத்துக்கு ஸ்தபதி வந்தார். புது மூலஸ்தானத்தில் பிள்ளையாரை நேர் கிழக்காக வைப்பதே முறை என்றார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சிற்றம்பலத்தார் மேசையில் அடித்தார்: "அவர் தானாத் திரும்பினவர். நேராக்க நாங்கள் ஆர்?"
மாமி ஒரு மூலையில் சேலைத் தலைப்பைச் சுருட்டியபடியே இருந்தார். ஞாயிறு முடிவெடுப்பதாகச் சொல்லிக் கலைந்தார்கள்.

மே 23
காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மாமி கையை நிறுத்தினார்.
"பிள்ளை, அவர் தானாத் திரும்பேல்லை. நான்தான் திருப்பினனான்."
சைக்கிளால்! கல்யாணத்துக்கு முதல், தமையனின் சைக்கிளைக் களவாக எடுத்து வாய்க்கால் கரையில் ஓடிப் பழகியிருக்கிறார். நேரே போய்ப் பிள்ளையாரில் ஒரு இடி. மேடு காய்ந்து பொலபொலவென்று இருந்ததாம். இடித்ததற்குத் திரும்பியவர், நேராக்கத் தள்ளியதற்கு அசையவே இல்லையாம். அன்றிரவு மழை. விடியத் தேங்காயும் கற்பூரமுமாக ஊரே அங்கே.
"அதுக்குப் பிறகு எப்பிடிச் சொல்லுறது?"
நான் சிரித்துவிட்டேன். மாமி சிரிக்கவில்லை. 2009 இல் எல்லாவற்றையும் விட்டு ஓடும்போது, முகாமில் படுத்திருக்கும்போது, மாமா செத்தபோது — ஒவ்வொரு தரமும் ‘என்னாலைதானோ’ என்று நினைத்தாராம். ஐம்பத்து மூன்று வருடம். இதற்குப் போய்ச் சிரித்தேனே, நானெல்லாம் என்ன மனுசி?

மே 24
மாமி சிற்றம்பலத்தாரிடமே சொல்லப் போகிறார். "நேராக்கிறதெண்டால் நேராக்கட்டும். பொய்யிலை கும்பாபிஷேகம் வேண்டாம்." துணைக்கு நான்.
சுமன்: "ரெண்டு பேரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு போங்கோ."

மே 25
கதிரை நுனியில் இருந்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தார் மாமி. சிற்றம்பலத்தார் சுவரிலிருந்த தகப்பனின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"ஏன் ஈசு, மழையும் நீயே பெய்விச்சனீ?"
"இல்லை அண்ணை."
"அப்ப அப்பா கும்பிட்டது வீண் போகேல்லை."
பிறகு மாமியின் பக்கம் திரும்பி, "அவ்வளவு நீளக் கரையிலை உனக்கு வேறை இடமே கிடைக்கேல்லையோ?" என்றார்.
அப்போதுதான் மாமி அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

மே 26
கூட்டத்தில் தலைவரே எழும்பி முழுவதையும் சொன்னார். மாமி நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒருவரும் ஏசவில்லை, பின்வரிசையில் மட்டும் யாரோ சைக்கிள் மணி மாதிரி வாயால் அடித்தார்கள். ஸ்தபதி நாடியைத் தடவினார். "அம்பது வருசம் இப்பிடியே கும்பிட்டுப் போட்டியள். இனி இதுதான் அவரின்ரை கிழக்கு."
எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டு, சைக்கிளிலிருந்து தொடங்கினேன்.

யூலை 3
கும்பாபிஷேகம் நிறைவேறியது. காலெல்லாம் நோகுது.

ஓகஸ்ட் 11
விசுவமடுவிலிருந்து ஒரு தாய், மகளையும் அவளுடைய புது ஸ்கூட்டியையும் கொண்டுவந்து கோயில் வாசலில் நின்றார். மலரை வாசித்தாராம். சந்தனத்தை ஐயர் வைக்க வேண்டாமாம், மாமிதான் வைக்க வேண்டுமாம். இந்தக் கிழமை இது மூன்றாவது வாகனம். ஐயருக்கு முகம் சரியில்லை.
மாமி கைபிடியில் சந்தனம் தடவி, முன்சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். பிறகு உள்ளே பிள்ளையாரை ஒருதரம் பார்த்துவிட்டு, அந்தப் பிள்ளையின் கன்னத்தைத் தட்டிச் சொன்னார்:
"மெல்லமா ஓடு பிள்ளை. அவருக்கும் வயசு போட்டுது."