உசுப்பியும் ஒரு பழைய குப்பியும்

மார்ச் 4, செவ்வாய்
மூன்றாவது தடவையும் செத்துவிட்டது. எலி ஈரலிலிருந்து நான் பிரிக்கும் நொதி, செல் சர்க்கரையை உடைக்கும் வேகத்தைத் தீர்மானிக்கிற நொதி. கலங்கலாக இருக்கும்வரை துள்ளுகிறது, சுத்தம் செய்தால் படுத்துக்கொள்கிறது.
"உங்களுக்குச் சுத்தம் பண்ண வரலை," என்றார் மேடம். எனக்கு வழிகாட்டி, என்னைவிட நாலு வயது சின்னவர்!
பதினெட்டாம் தேதி என் முனைவர் பட்ட ஆய்வை எடைபோட ஆராய்ச்சிக் குழு கூடுகிறது. ஒன்றும் தேறாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். முப்பத்தெட்டு வயதில் இதெல்லாம் தேவையா எனக்கு?

மார்ச் 5
வீட்டுக்காரரிடம் புலம்பினேன். செல்லில் சக்தி, அதாவது ஏடிபி, நிறைந்தால் நொதி வேலையை நிறுத்திவிடும். எழுப்ப ஒரு குட்டிச் சர்க்கரை வேண்டும். நான் அதை 'உசுப்பி' என்பேன். மேடம் கரைத்து வைத்த குப்பியிலிருந்து உசுப்பி ஊற்றியும் எழவில்லை.
"வயிறு ரொம்பினா படுத்துக்குமா? அப்ப நம்ம ஆளுதான்," என்றார், சோபாவில் படுத்தபடியே. சிரித்துத் தொலைத்தேன்.

மார்ச் 7
பாத்திரம் தேய்க்கும்போது பொறி தட்டியது. கலங்கலில் ஈரலின் சொந்த உசுப்பி இருக்குமே! சுத்தம் செய்யும்போது அதையும் சேர்த்துத்தானே ஒதுக்குகிறேன்?

மார்ச் 10
கழிவு என்று ஒதுக்கிய திரவத்தில் ஒரு சொட்டு எடுத்து நொதியில் விட்டேன். இந்தச் சோதனையில் திரையில் கோடு சரிந்தால் நொதி ஓடுகிறது என்று அர்த்தம். சரிந்தது — சர்ர்ரென்று!
குதித்ததில் ஸ்டூல் கவிழ்ந்தது. பக்கத்து அறைக் கணக்கர் ஓடிவந்தார். "என்னம்மா ஆச்சு?"
"ஒண்ணுமில்ல சார், ஈரல் முழிச்சுக்கிச்சு!"
ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.
அப்படியானால் என் நொதி சாகவே இல்லை. செத்தது குப்பியிலிருந்த உசுப்பி! லேபிளைப் பார்த்தேன். அமிலத்தில் கரைத்திருக்கிறார். உசுப்பிக்கு அமிலம் ஆகவே ஆகாது. கையெழுத்து மேடத்துடையது. ஐயோ! யார் போய்ச் சொல்வது?

மார்ச் 11
அமிலமில்லாத நீரில் புதிதாகக் கரைத்தேன். ஒரு துளிதான். பாய்ந்தது நொதி! கூடவே நானும், மேடத்தின் அறைக்கு. பழைய குப்பியை லேபிள் தெரியும்படி மேசைமேல் வைத்தேன். லேபிளைப் படித்தார். காது சிவந்தது.
"மூணு மாசமா உங்களைத் திட்டிட்டு இருந்தேனா?"
"நாலு, மேடம்."
முதலில் அவர்தான் சிரித்தார். அப்புறம் இரண்டு பேராலும் நிறுத்த முடியவில்லை.

மார்ச் 18
குழுவிடம் முதல் வாக்கியமாகவே மேடம் சொன்னார்: "தப்பு என்னுது. கண்டுபிடிச்சது இவங்க." எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஏப்ரல் 2
கருவி அறைக் கதவில் புது அட்டவணை. திங்கள், புதன், வெள்ளி என் பெயர். 'எதுவரை' என்ற கட்டத்தை மேடம் காலியாக விட்டிருக்கிறார்.