ராணி வேஷக்காரி

மைசூர், ஐப்பசி 1947

அன்புள்ள அத்தானுக்கு,

குண்டலுபேட்டையில் நாடகத்துக்கு நல்ல கூட்டம் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம்.

அன்று இங்கே மைசூரில் ராணி வேஷத்தில், நாடகத்தில் இல்லாத வசனமாக, "சுதந்திரம் வந்த பிறகும் மகாராஜாவின் சிறையிலிருக்கும் காங்கிரஸ்காரர்களை விடுங்கள்" என்று சபையைப் பார்த்துச் சொன்னேன். மறுநாள் கம்பெனி முதலாளி, "மன்னிப்புக் கேட்டுடும்மா, இல்லேன்னா வண்டி ஏறாதே" என்றார். நான் ஏறவில்லை. நீங்கள் ஏறினீர்கள். ராஜா வேஷத்துக்கு வேறு ஆளில்லை, எனக்குத் தெரியும்.

நேற்று எல்லோரையும் விடுதலை செய்துவிட்டார்கள். ஊர்வலத்தில் யாரோ என்னை அடையாளம் கண்டு மாலை போட்டார்கள். வீட்டுக்கு வந்து கழற்றும்போது நார் கூந்தலில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட ஆளில்லை, முடியைக் கத்தரித்துவிட்டேன்.

மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

இப்போது ராணி வேஷம் கட்டுவது யார்? கடைசிக் காட்சியில் உங்கள் தோளில் சாய்ந்து அழ வேண்டுமே, அவள் நன்றாக அழுகிறாளா?

மைசூரிலேயே இருக்கும்
உங்கள் மனைவி