கிப்லாவைப் பார்த்து ஒட்டிய கோடுகள்

மாமா,

இன்று காலை மகள் நடையில் குந்தியிருந்து, தரையில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். மாபிள் பதிக்க ஆள் வருகிறது. கழன்ற டேப்பில் உங்கள் குதிகால் தேய்த்த கறுப்பு. தேத்தண்ணி ஆறுவது தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பாக்கின்சன் நோய் வந்த பிறகு, கதவு நிலையைக் கண்டாலே உங்கள் கால் சேற்றில் புதைந்த மாதிரி நின்றுவிடும். ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுப்போம். மரியாதையல்லவா! நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "கண்ண மூடி சந்தூக்குல தூக்கிட்டுப் போகுமட்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு என்ட காலாலதான் போகணும்."

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மிஸ் சொன்னார்: "இழுத்தா விழுந்திருவார். நிலத்தில குறுக்கால கோடு போடுங்க, ஒவ்வொன்றாத் தாண்டட்டும்." பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட நான் அன்றே டாக்குத்தராகிவிட்டேன். நோன்பு காலத்தில் பள்ளிவாசல் முற்றத்தில் ஸஃப்பு வரிசைக்குக் கோடு போடுவது நான்தானே! அந்தப் பழக்கத்தில் கை தானாக டேப்பைத் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து ஒட்டிவிட்டது. வீடோ ரோட்டைப் பார்த்துக் கட்டினது. கோடுகளெல்லாம் சரிவு. நீங்கள் அழகாகத் தாண்டித் தாண்டிப் போய் அலுமாரியில் முட்டினீர்கள்.

"மருமகன், நான் குசினிக்குப் போகணும், மக்கத்துக்கு இல்ல."

நோயில் இறுகிப்போயிருந்த உங்கள் முகம் அன்றுதான் சிரிப்பில் கொஞ்சம் அசைந்தது.

கோட்டைத் திருத்தி ஒட்டினேன். விடியச் சுபஹு தொழுததும் பெரிய எட்டு வைத்து, கை வீசி நடந்தீர்கள். பின்னால் நான், வயிறு குலுங்க.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. பள்ளிவாசல் கேட்டடியில் உங்கள் கால் ஒட்டிக்கொண்டது. அங்கே கோடு இல்லை. பிடிக்க ஓடி வந்தவர்களைக் கையை விரித்து மறித்தேன். வேறு வழி தெரியாமல் என் காலை உங்கள் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தேன்.

"மாமனுக்குக் கால் போட்டு விழுத்துறான், பாருங்கடா!" என்றது ஒரு குரல்.

தாண்டினீர்கள், என் பெருவிரலை மிதித்துக்கொண்டு. உள்ளே காப்பெட்டில் ஸஃப்புக் கோடுகள் வரிசையாகக் கிடந்தன. ஒருவரும் தொடாமல் முன் ஸஃப்பு வரைக்கும் போனீர்கள்.

அல்லாஹ் நீங்கள் உறங்கும் கப்றை விசாலமாக்கட்டும்.

போன ஜும்ஆவில் வெளியூர்ப் பெரியவர் ஒருவர் படியடியில் அப்படியே நின்றுவிட்டார். அவர் மகன் கையைப் பிடித்து இழுக்கிறான். நான் யோசிக்கவே இல்லை; என் கால் அவர் காலுக்கு முன்னால் போய்விட்டது. மகன் என்னை அடிக்கிற மாதிரி பார்த்தான். பெரியவர் தாண்டிப் போய்விட்டார்.

தலையில் ஏறாத படிப்பு காலில் ஏறியிருக்கிறது, மாமா.